கொழும்பிலிருந்து பருத்தித்துறை வரை: குழுவாகப் பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ இருந்துகொண்டு, ஏழெட்டுப் பேர் சேர்ந்து பைக்கில் வடக்கின் நுனிவரை போய்வர நினைக்கிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பயணத்தை ஒழுங்குசெய்யத் தொடங்கியபோது எங்களுக்குத் தேவையான விவரம் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. லீசிங்கில் இருக்கிற பைக்கின் பதிவுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம், இன்சூரன்ஸுக்கு இன்னொரு பக்கம், படகு நேரம் கேட்க வேறொருவர் என்று அலைந்தோம். போகிற வழியில் எங்களில் ஒருவரின் லைசன்ஸ் பொலிஸ் கைக்குப் போனது. முன்கூட்டியே அறை பேசியிருந்த ஓர் இடத்தில், உள்ளே பைக் விட இடமில்லை என்று பொழுது பட்ட பிறகு கையை விரித்தார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணம் முழுக்க வெளிச்சக் கணக்குத்தான். பொழுது சாய்ந்தால் அநுராதபுரப் பக்கத்தில் யானை வீதிக்கு வரும், வன்னியில் மாடு வீதியிலேயே படுத்துக்கொள்ளும். ஒரு பத்திரம் குறைந்தால் அரை மணித்தியாலம் போகும். ஒரு பங்சருக்கு முக்கால் மணித்தியாலம். தேத்தண்ணிக்கு நின்று கதைத்துக்கொண்டிருந்தால் அதற்குக் கணக்கே இல்லை. காலையில் தொலைத்த நேரமெல்லாம் மாலை ஆறு மணிக்குமேல்தான் வந்து நிற்கும். கீழே வரும் படிகளையெல்லாம் அந்த ஒரு நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறேன்: இருட்ட முன் போய்ச் சேரவேண்டும்.

1. முதலில் மாதம்

பெப்ரவரி முதல் ஏப்ரல் முற்பகுதி வரை போங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் தாங்கக்கூடியதாக இருக்கும், கடலும் அடங்கியிருக்கும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்குக்கு மாரி. கொழும்பில் வெயில் எறிக்கிறதே என்று நம்பிக் கிளம்பவேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டதை எல்லோரும் பார்த்தோம். ஜனவரியில் போகிறவர்கள் புறப்படும் வாரத்தில் வானிலை அறிவிப்பைப் பார்த்து, பாதை, பாலம் எல்லாம் சரியா என்று அந்தந்த ஊரில் ஒருவரைக் கேட்டுவிட்டே வெளிக்கிடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. மழை இருக்காது, ஆனால் திறந்த வெளியில் பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தக் காலத்தில் போவதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது, கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் நுங்கும் கிடைக்கும். காற்றோடு ஓடிப் பழகியவர்கள் அப்போது போகலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

திருவிழா நாட்களையும் பாருங்கள். நல்லூர்க் கொடியேறிவிட்டால் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம், கோயிலைச் சுற்றிய வீதிகளும் மூடப்படும். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு மன்னார் வீதி நிறைந்துவிடும். ஜூன் மாதப் பொசன் போயாவுக்கு அநுராதபுரத்தைத் தாண்டுவதற்குள் பாதி நாள் போய்விடும்.

2. ஆட்களும் பைக்குகளும்

எட்டுப் பைக்குக்கு மேல் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அதற்குமேல் ஆள் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, அரை மணித்தியால இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். பன்னிரண்டு பைக் ஒன்றாகப் போனால் ஒவ்வொரு நிறுத்தமும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆகிவிடும்.

வேகத்தைத் தீர்மானிப்பது பெரிய பைக் வைத்திருப்பவர் அல்ல. குழுவில் ஆகச் சின்ன எஞ்சினும் ஆகக் குறைந்த அனுபவமும் யாருக்கோ, கணக்கு அவருக்குத்தான். 125 சீ.சீ. பைக்கும் இந்தப் பாதையைத் தாராளமாக ஓடும். ஊர்களுக்கு வெளியே பைக்குக்குச் சட்டப்படி மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்களுக்குள் 50. ஆகவே பெரிய எஞ்சினால் பெரிதாக ஒன்றும் மிச்சம் பிடிக்கமுடியாது.

பின்னுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தால் அதை முதலே சொல்லச் சொல்லுங்கள். பையையும் ஆளையும் ஒரு 125இல் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஓடுவது முதுகை முறிக்கிற வேலை.

3. பத்திரங்கள்

இந்தப் படியில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். புறப்படுவதற்கு மூன்று கிழமைக்கு முன் எல்லோரையும் ஓரிடத்தில் கூப்பிட்டு, ஒவ்வொருவரின் பத்திரத்தையும் கையில் வாங்கி, முடிகிற திகதியைப் பாருங்கள். "எல்லாம் சரி மச்சான்" என்ற பேச்சை ஏற்கவேண்டாம்.

சாரதி அனுமதிப்பத்திரம்: திகதி மட்டும் போதாது, வகுப்பையும் பாருங்கள். ஏ1 என்பது 100 சீ.சீ. வரைக்கும்தான். அதற்குமேல் என்றால் ஏ வகுப்பு வேண்டும். ஏ1 வைத்துக்கொண்டு 150 ஓடுகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ரெவனியூ லைசன்ஸ் (வாகன வருமான அனுமதிப்பத்திரம்): பயணத் திகதிக்குப் பிறகும் ஒரு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். புதுப்பிக்க நடப்பில் உள்ள இன்சூரன்ஸும் எமிஷன் (புகைச் சோதனை) சான்றிதழும் வேண்டும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் இன்சூரன்ஸ், பிறகு எமிஷன் சோதனை, பிறகு பிரதேச செயலகம் அல்லது இணையம். முடிகிற கிழமையில் இதைத் தொடங்கினால் மூன்றில் ஒன்று கட்டாயம் இழுபடும்.

இன்சூரன்ஸ்: மூன்றாம் தரப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். யானை குறுக்கே வந்து நீங்கள் விழுந்தால் உங்கள் பைக்குக்கு ஐந்து சதமும் வராது. முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள், அட்டையில் இருக்கும் அவசர இலக்கத்தைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பதிவுப் புத்தகம்: மூலப் பிரதியைக் கொண்டுபோகவேண்டாம், போட்டோப் பிரதி போதும். லீசிங் பைக் என்றால் புத்தகம் நிறுவனத்திடம் இருக்கும். அவர்களிடம் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட அன்றைக்கே தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களில் ஒருவரை ஒரு லீசிங் நிறுவனம் மூன்று தடவை நடக்கவைத்துத்தான் தந்தது.

இரவல் பைக்: சொந்தக்காரர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும். கடிதத்தில் பைக் இலக்கம், உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதிகள் இருக்கட்டும். மறித்துக் கேட்கும்போது போனில் சொந்தக்காரரைப் பிடிக்க முயல்வதைவிட இது லேசு.

வாடகைப் பைக்: அந்த பைக்கின் இன்சூரன்ஸ் வாடகைக்கு விடுவதற்காக எடுக்கப்பட்டதா, தனிப்பட்ட பாவனைக்கு எடுக்கப்பட்டதா என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். தனிப்பட்ட பாவனை என்றால் வேறு கடை பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள்: ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற மச்சான்மாருக்குக் கார் லைசன்ஸ் இருக்கும், பைக் வகுப்பு இருக்காது. அங்கே பைக் ஓட உரிமை இல்லாதவருக்கு இங்கேயும் இல்லை. வகுப்பு இருந்தால், அங்கிருந்தே சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துவந்து, இங்கே அதை எங்கே அங்கீகரிக்கிறார்கள் என்று முதலே கேட்டு, அங்கீகரிக்கச் செய்யவேண்டும். அதற்கென்று ஒரு வேலை நாளை ஒதுக்குங்கள். வெள்ளி இரவு வந்திறங்கிச் சனி காலை கிளம்புவது நடக்காது. கடவுச்சீட்டுப் பிரதியும் அவர் பையில் இருக்கட்டும்.

எல்லாப் பத்திரத்தையும் படம்பிடித்து, குழுவில் இருவரின் போனில் வைத்திருங்கள். எல்லோரின் இரத்த வகையும், வீட்டில் அழைக்கவேண்டிய ஓர் இலக்கமும் அதோடு.

இன்னொன்று. சத்தம் போடுகிற சைலன்சர், கண்ணைக் குத்துகிற மேலதிக லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாருங்கள். ஒரு பைக்குக்காக மறித்தால் எட்டுப் பைக்கும் நிற்கும்.

4. பைக்கைத் தயார்செய்தல்

புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் சேர்விஸ். முதல்நாள் அல்ல. புதிதாகப் போட்ட பிறேக் பாட், இழுத்து முறுக்கிய செயின் எல்லாம் கொழும்புக்குள் நாலு நாள் ஓடிப் பார்க்கவேண்டும். மாற்றவேண்டிய சாமான்களை பஞ்சிகாவத்தையில் ஒன்றாகப் போய் வாங்குங்கள். கிளச் கேபிள், பிறேக் லீவர், ஸ்பார்க் பிளக், பியூஸ், பின் லைட் பல்ப் இவற்றில் குழுவுக்கு ஒவ்வொன்று போதும், ஒரே வகைப் பைக்குகள் இருந்தால் இன்னும் லேசு.

ரயர்தான் முக்கியம். மன்னார்த் தீவில் உடை என்னும் முள்மரம் நிறைய. அதன் முள் வெள்ளையாக, நேராக, விரல் நீளத்துக்கு இருக்கும். படமெடுக்கவென்று தார் றோட்டை விட்டு மணலில் நாலு யார் தூரம் இறங்கினாலே போதும், ரயருக்குள் ஏறி, தலை முறிந்து உள்ளேயே நின்றுகொள்ளும். வெளியில் தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்று இறங்கினால் ரயரை முழுக்கக் கழற்றி, உள்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலைவிட்டுத் தேடாதீர்கள். அதை எடுக்காமல் புது ரியூப் போட்டால் அதுவும் போய்விடும். ரியூப் ரயர் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் ஓர் உபரி ரியூப், ரயர் லீவர், கைப்பம்ப் கட்டாயம். ரியூப்லெஸ்ஸுக்கு ஒட்டுக் கிட் ஒன்று.

மழைக்கோட்டு, செயின் எண்ணெய், நல்ல பூட்டு, பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து முழு ஹெல்மெட். பையை உயரமாகக் கட்டாதீர்கள், காற்றுப் பிடிக்கும்.

5. பாதை

போகும்போது மன்னார் வழி, வரும்போது ஏ9 வழி. இதை மாற்றிச் செய்யவேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். மன்னாரிலிருந்து பூநகரி போகிற ஏ32 வெறிச்சோடிய பாதை, ஆளும் பைக்கும் புதிதாக இருக்கும்போதே அதை முடித்துவிடவேண்டும். திரும்பும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். கிளிநொச்சி, வவுனியா என்று கராஜும் ஆஸ்பத்திரியும் உள்ள பாதை அப்போதுதான் தேவை.

முதல்நாள்: கொழும்பு, சிலாபம், புத்தளம், நொச்சியாகம, அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம், முருங்கன், மன்னார். கிட்டத்தட்ட 320 கிலோமீற்றர். அதிவேகப் பாதையில் பைக்குக்கு அனுமதி இல்லை என்பதால் பேலியகொடையிலிருந்து நீர்கொழும்பு வீதியால்தான் போகவேண்டும். காலை நாலரைக்கு வத்தளையைத் தாண்டிவிடுங்கள். ஆறு மணியானால் ஜா-எலயிலேயே ஒரு மணித்தியாலம் போகும். புத்தளத்தில் காலைச் சாப்பாடு. அதற்கப்பால் கருவலகஸ்வெவப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம், விடிந்து நன்றாக வெளித்த பிறகு கடப்பதற்கும் இந்த நேரம் சரியாக வரும். பின்னேரம் மூன்று மணிக்குள் மன்னார்.

புத்தளத்திலிருந்து எலுவன்குளம், சிலாவத்துறை வழியாக மன்னாருக்கு மிகக் குறுகிய பாதை ஒன்றை வரைபடம் காட்டும். போகாதீர்கள். அது வில்பத்து தேசியப் பூங்காவுக்குள்ளால் போகும் பாதை, நீதிமன்றம் வரை போன விவகாரம். அங்கே போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் மறுபடி புத்தளம் வந்து அநுராதபுரம் வழியாகத்தான் போகவேண்டும். அன்றைய வெளிச்சம் அதோடு முடிந்தது.

இரண்டாம் நாள் விடியலில் தலைமன்னார் போய் இறங்குதுறையைப் பார்த்துவிட்டு வந்து, ஏ32 ஏறுங்கள். தலைமன்னாரில் போன் தானாக இந்திய வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். புறப்படும் முன்பே ரோமிங்கை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பில்லில் தெரியும். பருத்தித்துறையிலும் நெடுந்தீவிலும் இதே கதை நடக்கலாம்.

யாழ்ப்பாணம் வரை ரயிலில் பைக்கை அனுப்பி, குடாநாட்டில் மட்டும் ஓடுகிற வழியும் இருக்கிறது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் பார்சல் பிரிவில் கேட்கவேண்டும். பெற்றோலை முழுக்க வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். நீங்கள் போகிற அதே ரயிலில் பைக்கும் வரும் என்று நினைக்கவேண்டாம். ஒருநாள் முந்தி அனுப்புங்கள்.

6. பணம்

எல்லாச் சுற்றலும் சேர்த்து 1,100 கிலோமீற்றர் வரும். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் பைக்குக்கு 28 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று போட்டால் 8,400 ரூபாய். விலை மாறிக்கொண்டே இருக்கும், அன்றைய விலையைப் போட்டுத் திருப்பிப் பெருக்கிக்கொள்ளுங்கள். நாலு இரவுக்கு அறைப் பங்கு ஆளுக்கு 3,000 வீதம் 12,000. சாப்பாடு, தண்ணீர், தேத்தண்ணி நாளுக்கு 2,500 வீதம் ஐந்து நாளுக்கு 12,500. அவசரத்துக்கு 5,000. மொத்தம் 37,900. ஆளுக்கு 40,000 என்று சொல்லிவிடுங்கள். சேர்விஸும் ரயரும் இதில் சேராது.

பொதுச் செலவுக்கு ஒரு பொதுப் பை, அதற்கு ஒரே ஒருவர் பொறுப்பு. பெற்றோல் ஷெட்டில் எட்டுப் பேர் தனித்தனியாகக் காசு கொடுத்தால் இருபது நிமிடம், பொதுப் பையிலிருந்து கொடுத்தால் எட்டு நிமிடம். காசாகவே வைத்திருங்கள். மன்னாரை விட்டால் யாழ்ப்பாணம் வரை ஏ.ரீ.எம். நம்பிப் போகிற பாதை அல்ல.

7. தங்குமிடம்

மன்னாரில் ஓர் இரவு, யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு. போனில் பேசும்போது மூன்று கேள்வி: எட்டு பைக்கும் மதிலுக்கு உள்ளே நிற்குமா, கேற் இரவில் பூட்டப்படுமா, விடிய நாலரைக்குத் திறந்துவிட ஆள் இருக்குமா. பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி, முற்பணத்தை அதற்குப் பிறகு போடுங்கள். வாயால் சொன்ன "பார்க்கிங் இருக்கு" என்பது வாசலுக்கு முன்னால் உள்ள வீதியாகவும் இருக்கலாம். எங்களுக்கு நடந்தது அதுதான், இரவு எட்டு மணிக்கு வேறு இடம் தேடவேண்டி வந்தது. எல்லோரும் அடையாள அட்டை கொண்டுவரவேண்டும், விடுதிப் பதிவேட்டில் எழுதுவார்கள்.

8. வீதியில் குழு

முன்னால் பாதை தெரிந்தவர், அவருக்குப் பின்னால் அனுபவம் குறைந்தவர்கள், கடைசியில் கருவிப் பையோடு ஆக நிதானமானவர். கடைசியில் வருபவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக்கூடாது, அவர் யாரையும் முந்தக்கூடாது. நேர்வரிசையாகப் போகாமல் ஒருவர் வலம், அடுத்தவர் இடம் என்று விலத்திப் போங்கள், முன்னுக்கு என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

திரும்பவேண்டிய சந்தி வந்தால், பின்னால் வருபவர் உங்களைக் கண்டுவிட்டார் என்று தெரியும்வரை அங்கேயே நில்லுங்கள். மதவாச்சியில் நேரே போனால் வவுனியா, இடப்பக்கம் மன்னார். அங்கே பிரிந்தவர்கள் நிறைய. ஒவ்வொரு 70, 80 கிலோமீற்றருக்கும் பத்து நிமிட நிறுத்தம், நேரத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர். ஆகச் சிறிய தாங்கி யாருடையதோ, அவர் நிரப்பும்போது எல்லோரும் நிரப்புங்கள். மன்னாரில் முழுத் தாங்கி இல்லாமல் ஏ32 ஏறவே கூடாது. மத்தியானத்தில் சோறு வேண்டாம், ஹெல்மெட்டுக்குள் கண் சொருகும். பனங்கள்ளு, பியர் எல்லாம் பைக்கைப் பூட்டிச் சாவியைப் பொறுப்பானவரிடம் கொடுத்த பிறகு. இதை முதல் கூட்டத்திலேயே பேசி, சம்மதமில்லாதவரை விட்டுவிட்டுப் போங்கள்.

பொலிஸ் மறித்தால் எட்டுப் பேரும் சுற்றி நிற்காமல், மறிக்கப்பட்டவரும் முன்னால் போகிறவரும் மட்டும் கதைக்கட்டும். தண்டச்சீட்டு விழுந்தால் லைசன்ஸை அவர்கள் வைத்துக்கொண்டு தற்காலிகச் சீட்டுத் தருவார்கள். தபாலகத்தில் 14 நாளுக்குள் கட்டி, அதே பொலிஸ் நிலையத்தில் லைசன்ஸை எடுக்கவேண்டும். எங்களில் ஒருவர் வீதியில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி லொறியை முந்தியதற்கு மாட்டியது சனிக்கிழமை பின்னேரம். தபாலகம் பூட்டு. அந்த லைசன்ஸை எடுக்க அவர் பிறகு கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய்வரவேண்டியிருந்தது. இப்போது பல இடங்களில் கவ்பே (GovPay) என்னும் அரசின் இணையக் கட்டண முறை மூலம் நின்ற இடத்திலேயே கட்டிவிட்டு லைசன்ஸை வாங்கலாம். கேளுங்கள். வங்கிச் செயலி வேலை செய்கிற போனும் டேட்டாவும் இதற்காகவே இருக்கட்டும்.

9. ஏ32 இல் கவனிக்கவேண்டியவை

தள்ளாடிச் சந்தியில் தொடங்கி, திருக்கேதீஸ்வரம், விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி என்று போகும். றோட்டு நேராக, ஆளில்லாமல் இருக்கும். அதுதான் ஆபத்து. வேகம் தானாக ஏறும், ஒரு பற்றையிலிருந்து மாடு வெளியே வரும். முதல் மாட்டைக் கண்டவர் இடக்கையை உயர்த்திக் காட்டவேண்டும், பின்னால் உள்ளவர்களும் அப்படியே. ஒரு மாடு கடந்தால் கன்று பின்னால் வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மன்னார் நகரில் மாட்டுக்குப் பதில் கழுதை.

தீவை இணைக்கும் மன்னார்த் தாம்போதியிலும் 288 மீற்றர் நீளமுள்ள சங்குப்பிட்டிப் பாலத்திலும் காற்றுப் பக்கவாட்டில் அடிக்கும். முன்னால் போகும் பஸ் காற்றை மறைத்திருக்கும், அதை முந்தி வெளியே வந்த கணத்தில் பைக் ஒரு பக்கம் இழுபடும். அந்த இடங்களில் முந்தவே வேண்டாம். பாலத்தின் மேல் படம் எடுக்க நிற்காமல், கேரதீவுப் பக்கம் இறங்கி அகலமான இடத்தில் நின்று எடுங்கள்.

வன்னியில் எங்கும் தார் றோட்டையும் தெரிந்த பாதையையும் விட்டு இறங்காதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அது கண்ணிவெடி எச்சரிக்கை, அதற்கப்பால் ஓரடி கூட வைக்கக்கூடாது. திரும்பும்போது ஏ9 இல் முகமாலைப் பக்கமும் இதே கவனம். காட்டுப் பாதையில் பைக் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் அந்த ஆசையை வேறு மாவட்டத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

10. குடாநாட்டில் இரண்டு நாள்

ஒரு நாள் வடமராட்சிக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை 33 கிலோமீற்றர், அங்கிருந்து கரையோரமாகச் சக்கோட்டை முனை, அதுதான் இலங்கையின் வட நுனி. மணற்காட்டில் மணல் மேடுகளுக்குள் பைக்கை விடாதீர்கள், ஓரத்தில் நிறுத்தி நடந்து போங்கள். பலாலிப் பக்கம் வசாவிளான் வழியான வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இராணுவப் பகுதிக்குள்ளால் போவதால் அதில் நிறுத்தவும் படம் எடுக்கவும் கூடாது. ஹெல்மெட்டில் கமரா பூட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றிப் பையில் வையுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

மற்ற நாள் தீவுப் பக்கம். பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான். பைக்குகளை இறங்குதுறையில் விட்டுவிட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகு ஏறலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலக் கடல், திரும்பும் படகைத் தவறவிட்டால் அன்று அங்கேதான். ஆகவே முதல்நாளே இரண்டு நேரத்தையும் கேட்டுவையுங்கள். நேரம் இறுக்கமாக இருந்தால் நயினாதீவோடு நிறுத்துவது புத்தி. வரும்போது ஊர்காவற்றுறைக்குப் போய், பைக்கோடு ஏறக்கூடிய "பாதை" என்னும் மிதவையில் காரைநகருக்குக் கடக்கலாம். காசில்லை. அன்று ஓடுகிறதா என்று வேலணையிலேயே ஒரு கடையில் கேளுங்கள். ஓடாவிட்டால் வந்த வழியேதான்.

கோயில்களுக்கு ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் போகவேண்டிவரும், அரைக்காற்சட்டை சரிவராது. பையில் ஒரு வேட்டி இருக்கட்டும்.

11. விழுந்தால், மோதினால்

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸ் 119. விழுந்தவரின் ஹெல்மெட்டை நீங்கள் இழுத்துக் கழற்றவேண்டாம். பைக்கை நகர்த்துமுன் நாலு பக்கமும் படம் எடுத்து, இன்சூரன்ஸுக்கு அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். பிறகு சொன்னால் இழுத்தடிப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் அநுராதபுரம், வவுனியா, மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் உள்ளன. கடைசியில் வருபவரிடம் இந்தப் பட்டியல் தாளில் எழுதி இருக்கட்டும், போன் பற்றரி போனாலும் உதவும்.

12. திரும்புதல்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9, வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியாகக் கொழும்பு 400 கிலோமீற்றர். ஒரே நாளில் வருவதென்றால் ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, பதினொரு மணிக்குள் அநுராதபுரத்தைத் தாண்டியிருக்கவேண்டும். ஒரு மணி ஆகியும் அங்கேயே நிற்கிறீர்கள் என்றால் அன்று புத்தளத்திலோ சிலாபத்திலோ தங்கிவிடுங்கள், அதற்குத்தான் அந்த 5,000. ஞாயிறு பின்னேரம் நீர்கொழும்பு வீதிக்குள் நுழையாதபடி நாட்களை அமையுங்கள். புதன் கிளம்பி ஞாயிறு வருவதைவிட, செவ்வாய் கிளம்பிச் சனி வருவது நல்லது. ஒருநாள் ஓய்வும் கிடைக்கும்.

வீடு வந்த மறுநாள் பைக்கை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். பண்ணையிலும் சங்குப்பிட்டியிலும் ஏறின உப்பு ஒரு கிழமையில் செயினைச் சிவக்கவைத்துவிடும். பொதுப் பையின் கணக்கை அந்தக் கிழமைக்குள்ளேயே தீருங்கள். தண்டச்சீட்டு யாருக்காவது நிலுவையில் இருந்தால் 14 நாள் கடந்ததும் இரட்டிப்பாகும், 28 நாள் கடந்தால் வழக்கு, அதற்கும் அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.